வளவு விளக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களும்

என் வீட்டுச் சாமி அறையில் நான் விளக்கேற்றுவதைத் தடுத்துவிட்டார்கள். தடுத்தது, அந்த வீட்டை எங்களிடம் குத்தகைக்கு எடுத்து விடுதி நடத்தும் நிறுவனம். வாக்குமூலத்தில் பெயர், வயதுக்கு முன்னால் இதுதான் வர வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டதால் காவல் உதவி ஆய்வாளர் சேவுகப்பெருமாள் அவர்கள் இதை முதலில் எழுதினார். "அய்யா, புகார் உங்க மேல வந்திருக்கு, நீங்க கொடுக்க வரலை" என்று சொல்லிவிட்டுத்தான் எழுதினார்.

என் பெயர் வயிரவன், வயது எழுபத்தாறு, தகப்பனார் பெயர் ஏகப்பன். வலையபட்டியில் மேற்படி வீட்டுக்குப் பின்தெருவில் வாடகைக்குத் தனியாகக் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. கடையில் வேலை பார்த்த காலத்தில் பத்திரிகையையும் அகராதியையும் வைத்து நானாக ஆங்கிலம் கற்றேன். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

மேற்படி வீடு எனக்கும் காலஞ்சென்ற என் தம்பிக்கும் பொது. ஓடு சரிந்து மழைநீர் உள்ளே இறங்கியது. பழுது பார்க்க எங்களால் முடியாததால், பெங்களூரில் இருக்கும் தம்பி மகன் ஹரீஷ் ஏற்பாட்டில் குத்தகைக்கு விட்டோம். வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள பகுதியில், சாமி அறை மட்டும் எங்கள் பொறுப்பில் இருக்கும், தினமும் மாலை நான் போய் விளக்கேற்றலாம் என்று பேசி, அதன்படியே நடந்துவந்தது. எங்கள் வீட்டில் சுமங்கலியாக இறந்த பெண்களின் சேலைகள் அந்த அறையில் பேழைக்குள் இருக்கின்றன. வருஷம் ஒரு முறை தை மாதத்தில் அவற்றை வைத்துப் படைப்போம். என் மனைவி பெத்தாச்சியின் சேலையும் அதில் இருக்கிறது.

சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போவதும், வளவுக்குள் கால் வைத்ததிலிருந்து விளக்கு எரியும்வரை யாரிடமும் பேசாமலிருப்பதும் எங்கள் வீட்டு வழக்கம். என் தகப்பனார் அப்படித்தான் செய்தார், நானும் அப்படித்தான் செய்கிறேன்.

இந்தக் கார்த்திகையில், சாமி அறைக்கு அடுத்து, அதுவரை சாமான் போட்டிருந்த அறையை விருந்தினருக்கு விட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. அன்று மாலை நான் எண்ணெய்க் கிண்ணத்துடன் போனபோது வெளிநாட்டு அம்மாள் ஒருவர் சாமி அறைக் கதவில் சாய்ந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை கூப்பினார். நான் பேசவில்லை, கையில் கிண்ணம் இருந்ததால் கூப்பவும் இல்லை. அவர் விலகினால்தான் பூட்டைத் திறக்க முடியும் என்பதால் விலகும்வரை எதிரே நின்றேன். ஏதாவது வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அதற்கும் நான் பேசவில்லை. அதன்பிறகு அவர் தம் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். அதன்பிறகு நான் திறந்து, விளக்கேற்றிவிட்டு, வந்துவிட்டேன்.

மறுநாள் மாலை நான் போனபோது, நான் வழக்கமாக நுழையும் பக்கவாசல் பூட்டியிருந்தது. முகப்புக்குப் போய், வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கும் பெல்சியிடம் கேட்டேன்.

"உங்களை உள்ள விடக் கூடாதுன்னு மேனேஜர் மேடம் சொல்லிட்டாகய்யா. அந்தம்மா காலையிலயே கெளம்பிட்டாக. போறப்ப, உங்களைப் பாத்து அன்கம்ஃபர்டபிளா இருந்துச்சுன்னு சொன்னாக."

"நான் என்ன செஞ்சேன்னு சொன்னாக?"

"அது ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணும் சொல்லாததுக்கா பூட்டு?"

"என்னையக் கேட்டா? நான் டீ குடிக்கப் போகவே அவுககிட்டக் கேட்டுட்டுத்தான் போகணும்."

அதன்பிறகு மேலாளர் கீர்த்தி வந்தார். சென்னைக்காரர். விருந்தினர் 'அன்ஈஸி'யாக இருந்ததாக நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன் என்றார். அந்த அம்மாள் சொன்னது வேறு சொல் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்று என்றால் அவர் சொன்னதையே எழுதியிருக்கலாமே என்றேன். "சார், நீங்க இப்படிக் கேக்கறதே எனக்கு அன்கம்ஃபர்டபிளா இருக்கு" என்றார். இறங்கி வந்துவிட்டேன்.

அதன்பிறகும் தினமும் மாலையில் போய்ப் பக்கவாசலில் நின்றேன். நேற்று கதவைத் தட்டினேன். அதற்குத்தான் நிறுவனத்தார் கொடுத்த இந்தப் புகார். உதவி ஆய்வாளர் படித்துக் காட்டியபோது அதில் 'அன்சேஃப்' என்று இருந்தது.

செருப்பு கடித்தாலும் முதல் சொல்லைச் சொல்லலாம். காரணம் பிடிபடாமல் மனம் நிலைகொள்ளாவிட்டால் இரண்டாவது. மூன்றாவது, என்னால் ஆபத்து என்பது. முதல் சொல்லுக்கும் மூன்றாவதற்கும் நடுவில் அந்த அம்மாளை நான் பார்க்கக்கூட இல்லை. அடித்தேன் என்றால் அடிக்கவில்லை என்பேன். திட்டினேன் என்றால் திட்டவில்லை என்பேன். ஒருவருக்கு மனம் சங்கடப்பட்டது என்றால் அதை நான் எப்படி மறுப்பது? பட்டிருக்கும். அவர் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை.

ஹரீஷிடம் தொலைபேசியில் சொன்னேன். "பெரியப்பச்சி, ஒருத்தவுக அப்படிச் சொல்லிட்டா அத்தோட முடிஞ்சுபோச்சு. நீங்க என்ன செஞ்சீகன்னு யாரும் கேக்க மாட்டாக. நீங்க இருக்குற வீட்டுலயே ஒரு படத்துக்கு வெளக்கேத்துங்களேன்" என்றான். பேழை அங்கே இருக்கிறது என்றேன். அலுவலகத்தில் கூட்டம் இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

உதவி ஆய்வாளரும் நல்லபடியாகவே, "சாரின்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டுப் போங்கய்யா" என்றார். எதற்கு என்று எழுத என்று கேட்டேன். புகாரை இன்னொரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். நான் எழுதித் தரவில்லை.

இதுவரை உள்ளது நான் சொல்லச் சொல்ல எழுதி, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கூட்டியதும் இல்லை, மறைத்ததும் இல்லை. கையெழுத்துக்கு முன் ஆக வேண்டியதையும் எழுதச் சொன்னேன்.

நான் என்ன செய்தேன் என்று அந்த அம்மாளுக்கு மின்னஞ்சல் அனுப்பி உதவி ஆய்வாளர் கேட்க வேண்டும். அவர் எழுதும் பதிலை அப்படியே சேர்க்க வேண்டும். அடுத்த அறையில் தங்க வருபவர்களிடம், மாலையில் ஒரு கிழவர் பேசாமல் வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார் என்று மேலாளர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஹரீஷ் நேரில் வந்து, குத்தகையின்போது பேசியதை நிறுவனத்தாரிடம் சொல்ல வேண்டும். தைப் படைப்புக்குக் கதவை நிறுவனத்தார் திறந்துவிட வேண்டும். வழக்கத்தை விடும்படி என்னை யாரும் கேட்கக் கூடாது.

இவை ஆகும்வரை அறை இருட்டாகக் கிடக்கக் கூடாது. சாமி அறைச் சாவியை இத்துடன் கொடுத்திருக்கிறேன். உதவி ஆய்வாளர் அதைப் பெல்சியிடம் சேர்க்க வேண்டும். பெல்சி ஏற்ற வேண்டும். அவள் மாதாகோவிலுக்குப் போகிற பெண் என்பது எனக்குத் தெரியும். நல்லெண்ணெய் கதவுக்கு வலப்பக்கம் இருக்கிறது. எங்கள் வழக்கம் அவளைக் கட்டாது. ஏற்றினால் போதும்.

(ஒப்பம்) ஏ. வயிரவன்