சுண்ணாம்புப் பொட்டு

பதுளையில் மழை தொடங்கினால் எங்கள் தியேட்டரின் கூரைத் தகரம் வலது பக்கம்தான் முதலில் சத்தம் போடும். பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் கழற்றியபோது வாங்கிய தகரம் அது. பால்கனியைத் தாங்கும் இரும்பும் அங்கிருந்து வந்ததுதான். அந்தக் காலத்தில் துரைமாரும் டவுன்காரர்களும் முன்படியில் ஏறினார்கள். தோட்டத்து ஆட்களுக்குச் சந்துப் பக்கம் ஒரு வாசல். அதில் இன்றும் தலை குனிந்துதான் நுழைய வேண்டும்.

படம் நின்று இருபது வருஷம். இப்போது கூட்டங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். படிப்பைப் பாதியில் விட்ட எனக்கு இரவுக் காவலும், தங்குவதற்குப் படம் ஓட்டிய பழைய ஆபரேட்டர் அறையும் கிடைத்தன. ஆறு வருஷமாக எனக்கு வேறு வீடு இல்லை.

கட்டடத்தை வைத்திருப்பதா இடிப்பதா என்று அறிக்கை எழுத இஞ்சினியர் தர்மராசா செவ்வாய்க்கிழமை வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். கீழே எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டார். சீலிங்குக்கு மேலே மறுநாள் ஏறுவதாகச் சொன்னார்.

அங்கே உத்தரங்களில் மட்டும்தான் கால் வைக்கலாம். இடையில் இருப்பது மெல்லிய பலகை, ஆள் பாரம் தாங்காது. தூசி மூடி எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். அதனால் பல்ப் மாற்ற ஏறுகிறவர்களுக்காக உத்தரங்களில் சுண்ணாம்புப் பொட்டு வைப்பது எங்கள் பழக்கம்.

புதன்கிழமை காலை, தரை கூட்ட வந்த பெரியாயி அக்கா என் கையைப் பார்த்தார்.

"என்னடா சுரேஸ், கையெல்லாம் சுண்ணாம்பு? கூரைக்குக் கல்யாணமா?"

"ஆமாக்கா. மாப்பிள்ளை பத்து மணிக்கு வாறாரு."

அக்கா சிரித்தார். பத்து மணிக்கு இஞ்சினியர் ஏணியில் ஏறினார்.

"தம்பி, எங்க மிதிக்கிறது?"

"பொட்டு இருக்கிற எடத்துல மட்டும் மிதிங்க சேர்."

"நல்ல ஏற்பாடு," என்றார்.

முதல் இரண்டு பொட்டுகளை நான் மாற்றவில்லை. மனிதருக்கு நம்பிக்கை வர வேண்டும். மூன்றாவது, பலகையில் நான் வைத்தது. கீழே முப்பது அடி, சீமெந்துத் தரை.

இடிக்கச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் செய்ததாக முதலில் உங்கள் பொலிஸ் ஸ்டேசனில் எழுதிக் கொடுத்தேன். பிறகு நீங்கள் அவருடைய கோப்பை வாசித்துக் காட்டினீர்கள்: இதுவரை பார்த்ததில் கட்டடம் உறுதியானது, இடிக்கத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை அவர் கை கழுவப் போன நேரத்தில் நானும் அதை வாசித்தேன். அடுத்த வரியையும் வாசித்தேன்: ஆபரேட்டர் அறையில் யாரும் தங்கக் கூடாது.

அப்படியிருந்தும், கட்டடத்துக்காகத்தான் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். நான் இல்லாமல் அது எத்தனை நாள் நிற்கும் சேர்?