ரெண்டு பேருக்குக் கட்டின புளிசாதம்

...வேலையை விட்டுட்டு, இல்ல விடலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டு, புதுசா ஒரு முதுகலைப் படிப்புல வந்து உட்கார்ந்திருக்கீங்க. முன்வரிசையில சில பேருக்கு என்னைவிட நரை அதிகம். உங்களுக்காகவே ஒரு குட்டிக் கதை கொண்டு வந்திருக்கேன். கதை என்ன கதை... எங்க வீட்டு வம்புதான். என் தங்கச்சி காதுக்குப் போச்சுன்னா அந்த வீட்ல எனக்குக் காபி நின்னுடும். அதனால நமக்குள்ளயே இருக்கட்டும்.

தங்கச்சி வீட்டுக்காரர் பேரு குழந்தைவேலு. கோயமுத்தூர்ல பம்ப்செட் கம்பெனியில விற்பனை மேனேஜர். கிணறே இல்லாதவன்கிட்ட மோட்டார் வித்த மனுஷன். அவர் ஒருநாள் வந்து சொல்றார், "மச்சான், வேலையை விட்டுட்டேன். மனநல ஆலோசனையில எம்.எஸ்சி. சேர்ந்துட்டேன்."

"ஏன் மாப்ள, உடம்புக்கு ஏதாவது...?"

"பேசிப் பேசியே பாதி ஆயுசு போச்சு மச்சான். இனிமே நாலு பேரு கஷ்டத்தைக் காது குடுத்துக் கேட்கணும்."

அறிவுரை சொல்ல நான் யாரு? ஒரே பி.ஏ.வை ரெண்டு தடவை எழுதி வாங்கினவன் நான். தலையாட்டி அனுப்பி வெச்சேன்.

முதல் நாள் வகுப்புக்குள்ள போறார். உள்ளே எல்லாம் இருபத்தொண்ணு, இருபத்திரண்டு. இவரைப் பார்த்ததும் மொத்த வகுப்பும் எந்திரிச்சு, "குட் மார்னிங் சார்." இவர் என்ன செஞ்சிருக்கணும்? "நானும் படிக்கத்தாம்பா வந்திருக்கேன்"னு சொல்லியிருக்கணுமா இல்லையா? பழைய மேனேஜர் பழக்கம்... "உட்காருங்க, உட்காருங்க"ன்னு கையைக் காட்டிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில உட்கார்ந்துட்டார்.

அன்னைக்குப் பிடிச்சதுங்க அந்த 'சார்'. வராந்தாவுல சிரிச்சுக்கிட்டு வர்ற கும்பல் இவரைக் கண்டா அமைதியாயிடும். கேன்டீனுக்குப் போனா ஒரு மேஜைக் கூட்டமே எந்திரிச்சு, "நீங்க உட்காருங்க சார்"னு இடத்தைக் குடுத்துட்டுப் போயிடும். அவ்வளவு பெரிய மேஜை... ஒத்தை ஆளு. யாரைக் குத்தம் சொல்றது? எல்லாம் மரியாதைதானே? மரியாதை குடுத்தே ஒருத்தரை ஒதுக்கி வைக்க முடியும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

கொஞ்ச நாள்ல கேன்டீனை விட்டுட்டார். பார்க்கிங்ல காரை நிறுத்தி, கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு, உள்ளேயே சாப்பாடு.

வீட்ல தங்கச்சி கேட்கறா, "ஏனுங்க, பசங்க நல்லாப் பழகறாங்களா?"

"அதை ஏன் கேட்கற? உன் புளிசாதத்துக்கு அடிதடி."

கேட்கணுமா? மறுநாள்ல இருந்து டிபன் பாக்ஸ் பெருசாயிடுச்சு. ரெண்டு பேருக்குக் கட்டறா, அப்பளம் வேற. மிச்சம் கொண்டு போனா பொய் வெளிய வந்துடுமே? இல்லாத சிநேகிதங்க பங்கையும் சேர்த்து அவரே சாப்பிட்டார். கார்ல... தனியா.

எனக்கு அப்போ இது தெரியாது, பின்னால அவரே சொன்னார். "என்ன மாப்ள, படிச்சா இளைப்பாங்கம்பாங்க, உங்களுக்குச் சட்டைப் பொத்தான் இழுக்குதே?"ன்னு கிண்டல் பண்றேன். சிரிச்சார். வெறும் பல்லுதாங்க தெரிஞ்சுது.

அப்புறம் வந்துச்சு செய்முறைப் பயிற்சி. ஒருத்தர் கஷ்டத்தைச் சொல்லணும், எதிர்ல இருக்கறவர் கேட்கணும். அஃப்ரீன்னு ஒரு பொண்ணு, "வீட்ல கல்யாணம் பேசறாங்க, எனக்கு..."ன்னு ஆரம்பிச்சுது. நம்மாளு விட்டாரா? பழைய விற்பனைப் பேச்சுல ஏறிட்டார். அப்பாகிட்ட எப்படிப் பேசணும், எந்தக் கிழமை பேசணும்... எல்லாத்தையும் முடிச்சுக் கையில குடுத்துட்டார்.

பயிற்சி நடத்தற உமாதேவி மேடம் சொன்னாங்க, "குழந்தைவேலு, அந்தப் பொண்ணு வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க பில் போட்டுட்டீங்க. கடைசித் தேர்வுலயும் இப்படின்னா பாஸ் போட முடியாது."

அதே வாரம் பழைய முதலாளி போன். "உன் சீட்டு அப்படியேதான்யா கிடக்கு. வந்துடு." இவரும், "திங்கட்கிழமை வர்றேங்க"ன்னுட்டார். அவ்வளவுதான்... எம்.எஸ்சி. முடிஞ்சுது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பயிற்சி. இந்தத் தடவை அஃப்ரீன் கேட்கணும், இவர் சொல்லணும்.

"சொல்லுங்க சார்"ன்னுட்டு அந்தப் பொண்ணு சும்மா இருந்துச்சு. இவரும் சும்மா இருந்தார். விற்கிறவனுக்கு எதிராளி சும்மா இருந்தாத் தாங்காது... ஆர்டர் கைவிட்டுப் போகுதுன்னு அர்த்தம். பொறுத்துப் பார்த்தார். முடியலை.

"மத்தியானம்... கார்லதாம்மா சாப்பிடறேன்."

அந்தப் பொண்ணு சமாதானம் எதுவும் சொல்லலை. "அப்போ என்ன நினைப்பீங்க சார்?"

"யாராவது கண்ணாடியைத் தட்டுவாங்களான்னு..."

"யாரும் ஏன் தட்டலை?"

இவர் சொல்றார், "முதல் நாள் நீங்கல்லாம் எந்திரிச்சப்போ நானும் மேனேஜர் மாதிரி உட்காருங்கன்னுட்டேன் இல்ல?"

அன்னைக்கு மத்தியானம் பாக்ஸைத் தூக்கிட்டு நேரா கேன்டீன். வழக்கம்போல மேஜையே எந்திரிச்சுது. "நீங்க உட்காருங்க சார்." இவர், "நீங்க நின்னா நானும் நின்னுக்கிட்டேதான்"னு பாக்ஸைத் திறந்துட்டார். எல்லாரும் நிக்கறாங்க. இவர் நின்னுக்கிட்டே சாப்பிடறார். கேன்டீன் மாஸ்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பெஞ்சு எதுக்குப் போட்டிருக்குது, வெயில்ல காயறதுக்கா?"ன்னார். அஃப்ரீன் சிரிச்சுட்டு உட்கார்ந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா உட்கார்ந்துச்சுங்க. ஒரு கை புளிசாதத்துக்குள்ள வந்துச்சு, பின்னாலயே இன்னும் நாலு கை.

அவங்க பேசினது இவருக்குப் பாதி புரியலை. யாரோ நடிகர், என்னமோ போன், யாரோட யாரோ பேசறதில்லை. சொல்ல இவர்கிட்ட ஒண்ணுமே இல்லை. அதனால... வாழ்க்கையில முதல் தடவையா, கேட்டுக்கிட்டிருந்தார். திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகலை. தேர்வுல பாஸும் பண்ணிட்டார், அது கிடக்கட்டும்.

இப்போ உங்ககிட்ட வர்றேன். வேலையை மாத்தறோம், பாடத்தை மாத்தறோம். பழைய சீட்டை மட்டும் தூக்கிட்டே போய் வகுப்புல போட்டு உட்கார்ந்தா, பக்கத்துல யாருக்கு இடம் இருக்கும்? உங்களைப் பார்த்து யாராவது எந்திரிச்சா, "கொஞ்சம் தள்ளி உட்காரும்மா"ன்னு கேளுங்க. சில மத்தியானம் கார்லதான் போகும்... அதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனா அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் மாப்பிள்ளை என்ன கேட்டார் தெரியுமா?

"பசிக்குது. சாப்பிட ஏதாவது இருக்கா?"