வெந்நீர்க் குளத்தில் எலிசியோ

காலையில ஆறு மணி, குளத்துல மூணே பேரு, நீங்க கேக்கற, அந்த மூலையில உக்காந்திருந்த ஆளு எலிசியோ. என் தம்பி. ஆமா, அவனேதான், வெள்ளை மீசை. போன வருஷம் நீங்க வந்தப்போ பாத்திருப்பீங்க. நான் ஓர்லிண்டா. கிட்ட வாங்கம்மா, மெதுவாத்தான் பேசணும், சத்தம் போடாதீங்கன்னு பலகை வச்சிருக்காங்கல்ல. அந்தக் கல்லுல சாயாதீங்க, பனி உறைஞ்சு கெடக்கு.

தியானமா? அவனா? சிரிக்க வைக்காதீங்க. காலமெல்லாம் மலைமேல ஆடு ஓட்டுனவன். ஒரு அதட்டல் போட்டான்னா இந்தப் பள்ளத்தாக்குல இருக்கிற நாயெல்லாம் வாலைச் சுருட்டிக்கும்.

பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சு. வலது கையும்தான். கைக்கு ஆகும்னுதான் இங்க கூட்டிட்டு வந்தேன். விடுதி கட்டறதுக்கு முன்னாடி இது எங்க ஊருக்காரங்க குளிச்ச குழிதானே. வாங்கினவங்க நல்லவங்க, ஏழு மணி வரைக்கும் ஊர்க்காரங்க சும்மா வரலாம்னு விட்டுட்டாங்க. இப்ப விருந்தாளிங்க நீங்களும் அந்த நேரத்துக்கே எந்திரிச்சு வந்துடறீங்க.

ஒருநாள் கழுத்து வரைக்கும் தண்ணியில இருந்தான். திடீர்னு ஒரு வார்த்தை. என்ன வார்த்தையா? சொன்னா காதைப் பொத்திக்குவீங்க. யாரோட அம்மாவையோ பத்தினது. நான் அழுதுட்டேன். பேச்சு திரும்பறப்போ சில பேருக்குக் கெட்ட வார்த்தைதான் மொதல்ல வருமாம். கத்தட்டும், தடுக்காதீங்க, மத்தது பின்னாலயே வரலாம்னு சாந்தா ஃபே நகரத்து டாக்டரம்மா சொன்னாங்க. வந்துச்சே! ஆட்டைக் கூப்பிடற சத்தம் வந்துச்சு. அப்புறம் ஓர்லின்னு என் பேருல பாதி வந்துச்சு. வெளிய வந்தா ஒண்ணுமில்ல, வெந்நீர்ல மட்டும்தான். காது வேற மந்தம், தொண்டை கிழியக் கத்துவான்.

விருந்தாளிங்க புகார் சொன்னாங்க. தப்பு சொல்லல, எங்கெங்கேர்ந்தோ நிம்மதி தேடி வர்றவங்க. இங்க மேனேஜரா இருக்கிற டெலனி, தங்கமான பொண்ணு, அவன் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து, மூலிகை டீயை நீட்டி, உதட்டுல விரலை வச்சுக் காட்டுச்சு. துளி கோவமில்ல. நான்தான் சண்டைக்குப் போனேன். அவன் என் கையைப் புடிச்சு நிறுத்திட்டான். எல்லாம் புரியும் அவனுக்கு.

அதோட சரி. அப்புறம் வாயே திறக்கல. தண்ணியிலயும் இல்ல, வீட்டுலயும் இல்ல. ஆத்தோரமா இன்னொரு ஊத்து இருக்கு, வாடா, அங்க போய் இஷ்டத்துக்குக் கத்துன்னேன். மாட்டேன்னு தலையாட்டிட்டான். இங்கதான் வருவான், அந்த மூலை, கண்ணை மூடிக்குவான். ஒருத்தர் என்கிட்ட வந்து, அமைதின்னா என்னன்னு உங்க தம்பியைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்னாரு. மத்தியானம் அவன்கிட்ட சொன்னேன். பச்சை மிளகாய்க் குழம்பு அவனுக்கு உசிரு. தட்டை அப்படியே தள்ளி வச்சுட்டான்.

நீங்களும் அதைச் சொல்லத்தான் தேடுனீங்களா? இருக்கட்டும்மா. நல்ல மனசோடதான் கேக்கறீங்க.

இல்ல, இனி வரமாட்டான். குடல்வால் வெடிச்சிருக்கு. ரெண்டு நாளாவது துடிச்சிருப்பாரே, கத்தலையான்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க. பக்கத்து அறையிலதான் நான் படுத்திருந்தேன். ஒரு சத்தமும் கேக்கல.

ஜனவரி பதினேழாந்தேதி அடக்கம் பண்ணினோம்.