இரண்டு வட்டத்திலும் நிற்கிறவர்

— எழுவது எப்படி புள்ள வரும்? வகுப்புல மொத்தமே அறுவது பேருதான்னு கணக்குலயே போட்டிருக்கான்லா.

— வருதே மச்சான். டீ குடிக்கிறவங்க முப்பத்தஞ்சு. காப்பி குடிக்கிறவங்க முப்பது. ரெண்டையும் தொடாதவங்க அஞ்சு. நீங்களே கூட்டிப் பாருங்க.

— அந்தப் பத்து பேரு எங்கன இருந்து வந்தானுவோ? சுவரேறிக் குதிச்சா?

— சிரிக்காதீங்க. வட்டிக் கணக்கு வருது, வேகம் தூரம் வருது. இந்த ரெண்டு வட்டக் கணக்குல மட்டும் எனக்கு ஆளு கூடிப் போவுது.

— ரெண்டும் குடிக்கிறவன ரெண்டு தடவ எண்ணிட்ட, கேட்டியா? டீ வட்டத்துலயும் அவன்தான் நிக்கான், காப்பி வட்டத்துலயும் அவன்தான் நிக்கான். ஒருக்கா கழிக்கணும். பி.காம்ல மொத ஆளா வந்த அஃபீஃபாவுக்கு இது தெரியாதாக்கும்?

— தெரியும். கழிக்கப் போனா கை வர மாட்டேங்குது.

— நாளைக்கு டான்செட்டு பரிச்ச. இந்த ஒரு தடவதான்னு உங்க வாப்பா துபாய்ல இருந்து சொல்லிட்டாரு. இதுல சீட்டு கெடைக்கலன்னா எம்பிஏ படிப்பு அவ்வளவுதான். தோணியில இன்ஜின் பாக்குறவன் பொண்டாட்டி பெரிய ஆபீஸ்ல உக்காரணும்னு எனக்கு எம்புட்டு ஆச!

— டீ ஆறிட்டு மச்சான். நீங்க தொடவே இல்ல.

— இருக்கட்டும்.

— உம்மா ஒரு கப்புதான் வச்சிட்டுப் போனாங்க. எனக்குள்ளதத்தான் உங்க பக்கம் தள்ளி வச்சேன். தினமும் இதே கததான்... தரையெல்லாம் ஏன் ஈரமா இருக்கு?

— என் காலு ஈரம். நீ கணக்கப் பாரு.

— எப்படிப் பாக்க? பக்கத்து வீட்டுல சம்சுன்னிசா லாத்தா அழுற சத்தம் கேக்குது. உங்க தோணிய ஓட்டுன தண்டல் காக்கா மவுத்தாகி இன்னையோட நாலு மாசம் பத்து நாளு. சாயங்காலம் மஃரிபு பாங்கோட அவங்க இத்தா முடியுது. நாளைக்கு வாசப்படியத் தாண்டலாம்.

— அத்தன நாளும் வீட்டுக்குள்ளயேவா இருந்தாவ?

— புருசன் மவுத்தானா அப்படித்தான இருக்கணும்? பூ இல்ல, நக இல்ல, கல்யாணம் காட்சி இல்ல. பாவம் லாத்தா.

— நீ கடைசியா வெளிய எப்ப போன?

— எனக்குப் படிக்க வேண்டியது கெடந்துச்சு.

— சரி. அந்தப் புஸ்தகத்த மூடு. டீயும் வேண்டாம், காப்பியும் வேண்டாம். நம்ம தோணிக் கணக்கப் போடு.

— அது வேண்டாம் மச்சான்.

— போடு புள்ள. ஏறுனது எத்தன பேரு?

— ஒம்பது. வெங்காயமும் சிமெண்டும் ஏத்திட்டு, பழைய துறைமுகத்துல இருந்து மாலத்தீவுக்கு.

— திரும்பி வந்தது?

— ஆறு.

— கவுந்த தோணிப் பக்கத்துல இருந்து எடுத்துட்டு வந்து அடக்கம் பண்ணுனது?

— நாலு.

— ரெண்டு வட்டத்துக்கும் வெளிய நிக்கவன், வீட்டுக்கும் வராம கரைக்கும் வராம போனவன் உண்டா?

— இல்ல. எல்லாரையும் எடுத்துட்டதாச் சொன்னாங்க.

— அப்ப ஆறும் நாலும்?

— பத்து.

— ஏறுனது ஒம்பதுலா?

— அதத்தான நானும் சொல்லுதேன்! எனக்கு ஆளு கூடிப் போவுதுன்னு.

— கத்தாத. உம்மா பயந்துருவாங்க. வந்தவனுக்க பேரச் சொல்லு.

— முஆதும் அவன்கூட நாலு பேரும். அஞ்சாச்சா? அப்புறம் நீங்க.

— அடக்கம் பண்ணுனது?

— தண்டல் சதக்கத்துல்லாஹ் காக்கா. சமையல் பாத்த சுந்தர்சிங். அவரு தம்பி. அப்புறம்... முகம் அடையாளம் தெரியாத ஒரு மையத்து.

— அது மேல என்ன சட்ட?

— நீலச் சட்ட.

— பட்டன்?

— எல்லாம் வெள்ள. கழுத்துப் பட்டன் மட்டும் கறுப்பு.

— அந்தக் கறுப்புப் பட்டனத் தச்சது யாரு?

— நான்தான். ஆனா தோணிக்காரங்க ஒருத்தன் சட்டைய ஒருத்தன் மாட்டிக்குவோம்னு நீங்கதான சொல்லுவீங்க? கொடியில கெடக்குறத எடுத்துப் போட்டுட்டு இன்ஜின் ரூமுக்கு எறங்குவோம்னு? வேற யாரோ போட்டிருக்காங்கன்னு உம்மாகிட்ட அடிச்சுச் சொன்னேன். நீங்க அன்னைக்குச் சாயங்காலமே இந்த ரூமுக்குள்ள வந்து நின்னீங்கள்ல?

— வேற யாரோன்னா யாரு? முஆதோட அஞ்சு, தண்டலோட மூணு, எட்டு பேர நீயே சொல்லிட்ட, கேட்டியா? மிச்சம் எத்தன பேரு?

— ஒருத்தர்.

— வட்டம் போடு. ரெண்டும். நடுவுல ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகட்டும். அங்கன நிக்கது யாரு?

— பேரு எழுத மாட்டேன்.

— பேரு வேண்டாம். ஒண்ணுன்னு மட்டும் எழுது. எழுதிட்டியா? இனி கழி.

— கழிச்சா நீங்க எங்க போவீங்க மச்சான்?

— கழிக்கலன்னா நாளைக்கு நீ எங்க போவ?

— நான் எங்கயும் போவல. இங்கனயே இருந்துக்கிடுதேன். கணக்கு தப்பாவே இருந்துட்டுப் போவட்டும். எனக்கு நீங்க வேணும், அவ்வளவுதான். ஈரமா இருந்தா என்ன, டீ குடிக்காட்டி என்ன?

— பாங்கு சொல்லுதாங்க அஃபீஃபா. எழுது.

— ஆறு கூட்டல் நாலு... கழித்தல்... ஒண்ணு. ஒம்பது.

— சரியா வந்துட்டா?

— வந்துட்டு. ஏன் மச்சான், இத்தன நாளும் எதுக்கு என்கூட இருந்தீங்க? மொத நாளே போயிருந்தா அழுது தீத்திருப்பேன்லா?

— இத்தாவுல உன்னத் தனியா விட மனசு வரல புள்ள. உனக்கும் இந்தப் பாங்கோட அது முடிஞ்சிட்டு, ஹால் டிக்கெட்ட எடுத்து வச்சிக்க, காலையில வாசப்படியத் தாண்டிப் போ.