லெம்பியின் புழு

எங்கள் சைமா ஏரிக்கரையில் மீன் சினையை வெங்காயத்தோடு பச்சையாகவே ரொட்டியில் தடவிச் சாப்பிடுவோம். எனக்கும் பிடிக்கும். அந்தப் பச்சைச் சினையால் இங்கே பலர் வயிற்றில் நாடாப்புழு உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

லெம்பி எங்கள் மருத்துவமனையில் துணி துவைப்பவள். ஜூன் மாதம் வெளிறிப்போய் வந்தாள். நாக்கு எரிகிறது, பாதம் மரத்துப்போகிறது என்றாள். புழுவை வெளியேற்ற மருந்து எழுதிவிட்டு டாக்டர் கோடை விடுமுறைக்குப் போய்விட்டார். அந்த மருந்தைக் கேப்சூலில் அடைத்துக் கொடுப்பது மருந்தகத்தில் என் வேலை.

நான் ரசாயனம் படித்தவன், ஐயா. அந்தப் புழுவின் சதையை உலர்த்தி அரைத்தால் பி12 வைட்டமின் குவிந்திருக்கும். நம் ரத்தம் ஊறத் தேவையான சத்து அது, புழு முந்திக்கொள்கிறது. எத்தனை நாளில் எவ்வளவு சேர்க்கிறது என்று அளக்க விரும்பினேன். அதற்குப் புழு உள்ளேயே இருக்க வேண்டும். எனவே கேப்சூலில் ரொட்டி மாவை அடைத்தேன்.

வாராவாரம் மலத்தோடு வெளியே வந்த புழுவின் கணுக்களை, நான் கேட்டபடி அவளே புட்டியில் கொண்டுவந்து தந்தாள். அவற்றில் பி12 அளவு ஏறிக்கொண்டே போனது.

"தம்பி, முகம் கழுவக் கண்ணை மூடினேன், அப்படியே விழுந்துட்டேன். கண்ணை மூடினா காலே இல்லாம போயிடுது."

"மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்," என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான். ஆனா படுக்கவே பயமா இருக்கு. கண்ணை மூடணுமில்ல?"

ஜூலையில் அவளைப் படுக்கையில் சேர்த்தோம். தோல் மஞ்சள் பாய்ந்திருந்தது. இமைகளை விரலால் தூக்கிப் பிடித்தபடியே கிடந்தாள்.

"ஈரல் சாறு ஊசியாவது போடலாமே?" என்றாள் செவிலி ஹெல்வி.

எனக்கும் பயம் வந்தது. ஈரலிலும் பி12 உண்டு; ஊசி போட்டால் என் அளவுகள் கெட்டுவிடும். "டாக்டர் வரட்டும்," என்றேன்.

ஞாயிறு மதியம் லெம்பி என்னைக் கூப்பிட்டாள். "கையைப் புடிச்சுக்கிறீங்களா, தம்பி? இமை தானா இறங்குது."

பிடித்துக்கொண்டேன். மூடினாள். பிறகு திறக்கவில்லை.

பிறகு அவள் குடலிலிருந்து புழுவை முழுதாக எடுத்தேன். ஒன்பது மீட்டர். அதன் சதையில் சேர்ந்திருந்த வைட்டமினைப் பிரித்து அவளுக்கே ஊசியாகப் போட்டிருந்தால் எழுந்து நடந்திருப்பாள். இரண்டு முறை கணக்கிட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது.

மாவை அடைத்தது நான். கொன்றதும் நான்தான். ஆனால் என் வாக்குமூலத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா: கடைசிவரை அவள் என்னைக் கண்டு பயப்படவே இல்லை.