காற்றைக் கொஞ்சம் குறைத்தேன்

அபாய ஊதல் அலறியபோது நான் இறைச்சி அடைத்த பாஸ்டியின் மேல் தக்காளி சாஸ் ஊற்றிக்கொண்டிருந்தேன். சாஸ் கொஞ்சம் அதிகமாக விழுந்துவிட்டது. அன்று காலை எனக்கிருந்த வருத்தம் அது ஒன்றுதான்.

மேட்டில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள். கோதுமை வயல் வேலியைத் தாண்டி, சுடுபவர்களுக்கும் இலக்குகளுக்கும் நடுவே, நோரீன் ட்ரெலோர் நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் ஒரு குண்டுப் பெட்டி. சுற்றி வரும் பாதையில் வர அவளுக்குப் பொறுமை இல்லை.

"செத்துத் தொலையணும்னு ஆசையா உனக்கு?" என்று கத்தினார் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் கேப்டன் ரோலோ வெரன்.

"உங்க ஆளுங்க குறி வச்சது என்னைக்குப் பட்டிருக்கு, நான் பயப்படறதுக்கு?" என்றவள் நேராக என்னிடம் வந்தாள். "லிண்ட்சே, இந்தப் பெட்டியில என்ன எண் போட்டிருக்கு? படி."

படித்தேன்.

"ஆல்வின் பேருக்கு நேரா கம்ப்யூட்டர்ல நீ என்ன ஏத்தி வச்சிருக்க?"

அதையும் சொன்னேன். எதையும் மறைக்கும் பழக்கம் எனக்கில்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மாநிலச் சங்கத்தின் விசாரணைக்காக நீங்கள் அடிலெய்டு நகரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம், ஒரு நாற்காலி.

எங்கள் கிளப்பில் வருடாந்தரப் பரிசை வெல்பவரைக் கம்பு கட்டிய நாற்காலியில் உட்கார வைத்து, தோற்றவர்கள் தோளில் தூக்கிப் போவார்கள். பெரும்பாலும் உட்காருவது ஆல்வின் ட்ரெலோர், நோரீனின் கணவன், என் பள்ளிக்கூடத்து நண்பன். நான் உயரமானவன் என்பதால் பின்பக்க இடது கம்பு எனக்கு. ஏறுவதற்கு முன் அவன் இரண்டு கிரீம் கேக் சாப்பிடுவான். "தூக்கறவனுக்கும் கொஞ்சம் வேலை இருக்கணும்ல" என்பான். பாதி வழியில் குனிந்து, "டேய் லிண்ட்சே, ராஜாவுக்குக் குலுங்குதுடா" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு முதுகு வலி உண்டு.

போன குளிர்காலக் கூட்டத்தில் ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். இங்கே எல்லோரும் காலி உறைகளில் தாங்களே வெடிமருந்தடைத்துத் தோட்டா செய்துகொள்பவர்கள். கடைத் தோட்டா கட்டுபடியாகாது. எவ்வளவு மருந்து போட்டால் ஆபத்தில்லை, காற்று அடித்தால் குண்டு எவ்வளவு விலகும், இரண்டையும் கணக்குப் போட்டுச் சொல்ல ஒன்று வேண்டும். விலை குறைவாக இருக்க வேண்டும்.

உண்மையாகவே உழைத்தேன். பலவற்றைப் போட்டுப் பார்த்தேன். அருமையான ஒன்று இருந்தது. அவரவர் போனில், அவரவர் பூட்டோடு. விலைதான் அதிகம். இன்னொன்று மலிவு. கிளப் லேப்டாப்பில் ஒரே கணக்கு, எல்லோருடைய குண்டு விவரமும் ஒரே இடத்தில், மொத்தத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட். அதைக் காப்பதற்கு நம்பிக்கையான ஒருவர் தேவைப்பட்டார்.

மலிவானதைச் சிபாரிசு செய்தேன். கை தட்டினார்கள். "இவன மாதிரி ஒருத்தன் அரசாங்கத்துல இருக்கணும்பா" என்றார் ரோலோ.

ஒன்றைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். மருந்து அளவுப் பகுதியை நான் தொடவே இல்லை. அதில் கை வைத்தால் துப்பாக்கி முகத்திலேயே வெடிக்கும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

நான் தொட்டது ஒரே ஒரு எண். காற்றை எவ்வளவு நன்றாகக் கிழித்துப் போகும் என்று ஒவ்வொரு குண்டுக்கும் ஓர் எண் உண்டு, பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். ஆல்வினின் குண்டுக்கு அதைச் சற்றே உயர்த்தினேன். காற்று அவ்வளவாகத் தள்ளாது என்று திரை அவனிடம் சொல்லும். அவன் நம்புவான். குண்டு மேலேயோ கீழேயோ போனால் முதல் இரண்டு குண்டில் திருத்திவிடலாம். காற்றோ ஒவ்வொரு குண்டுக்கும் மாறிக்கொண்டே இருக்கும்; தப்பு எங்கே என்று தெரியாது. மற்ற யாருடைய எண்ணையும் நான் மாற்றவில்லை. தேவைப்படவில்லை.

குண்டு விலகும்போதெல்லாம் ஆல்வின் கணக்கைச் சந்தேகப்படவே இல்லை. "காத்துக் கொடியத் தப்பாப் பார்த்துட்டேன்டா. கண்ணு போச்சு" என்றான். கண் டாக்டரிடம் நான்தான் காரில் கூட்டிப் போனேன். பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை. விமானமே ஓட்டலாம், கண் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர்.

நல்ல செய்திதானே. ஆனால் திரும்பும் வழியில் ஆல்வின் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். "கண்ணு சரியா இருக்குன்னா, கோளாறு இங்க இருக்கு. அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில என் பேரையே மறந்துட்டாரு."

அங்கே நான் ஏதாவது சொல்லியிருக்கலாம்தான். ஆனால் சாலையில் பழுதுபார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டே ஓட்டுவது ஆபத்து.

அதன் பிறகு அவன் ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தான். நாயைத் தங்கை மகளிடம் ஒப்படைத்தான். முதியோர் இல்லத்தில் பெயர் பதிந்தான். விண்ணப்பத்தில் எழுத்துப் பிழை வராமல் நான் உதவினேன். துப்பாக்கியை விற்கப் போகிறேன் என்றபோது, முன்பின் தெரியாதவனிடம் போவதைவிட நண்பனிடமே இருக்கட்டும் என்று முறைப்படி அனுமதி வாங்கி நானே வாங்கிக்கொண்டேன். நோரீன் அழுவதாகக் கேள்விப்பட்டு ஸ்பாஞ்ச் கேக் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். இதையெல்லாம் யார் செய்வார்கள்?

அந்தத் துப்பாக்கியால்தான் இந்த வருடப் பரிசை வென்றேன். நாற்காலி நான் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. ஆல்வின் முன்பக்கக் கம்பைப் பிடித்தான். அவனுக்குக் கண் கலங்கியது. எனக்காகச் சந்தோஷப்படுகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

இல்லத்துக்குக் குடிபோவதற்காக நோரீன் கொட்டகையைக் காலி செய்தபோது, மிச்சமிருந்த குண்டுப் பெட்டியில் அச்சடித்த எண் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. கிளப் லேப்டாப்பில் மதிப்பெண் ஏற்றுபவள் அவள்தான். ஆல்வின் பேருக்கு நேரே திரையில் அவள் பார்த்த எண் வேறு; எண்கள் அவளுக்கு மறக்காது. அதனால்தான் வேலி தாண்டி வந்தாள்.

நேற்று மாலை ஆல்வின் என் வீட்டு வாசலுக்கு வந்தான், நடந்தே. அடிப்பான் என்று நினைத்தேன். அவனோ சிரித்துக்கொண்டிருந்தான். புதிதாகப் பிறந்தவன் மாதிரி இருந்தது முகம்.

"என் மண்டை நல்லாத்தான்டா இருக்கு. வேற எதுவும் எனக்கு வேணாம், உன்மேல புகார்கூட வேணாம். துப்பாக்கிய மட்டும் குடு, போயிடறேன்."

அது எனக்குப் பின்னால் அலமாரியில்தான் இருந்தது. அவன் தோளில் மெதுவாகக் கை வைத்தேன்.

"போன வாரமே உன் கையில குடுத்தேனேடா ஆல்வின், ஞாபகமில்லையா?"