தொன்னுக்கு அரை அவுன்ஸ்

– குறை நினையாதேங்கோ ஆழ்வாப்பிள்ளை அண்ணை. பொன்னையெல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் எடுத்துக்கொண்டு போட்டினம். மிஞ்சின சக்கை மண்ணிலை பொன் எங்காலை வரும்?

– அங்கைதான் தங்கச்சி விசயம் கிடக்கு. மலாயாவிலை இருபத்தாறு வரியம் றெயில்வே கிளாக்கராய் இருந்தனான். அங்கத்தைப் பழைய பொன் சுரங்கத்து வாசலாலைதான் நாளாந்தம் போறது வாறது. கல்லை இடிச்சு, பொன்னை எடுத்துப்போட்டு, மிச்சத்தை ஒரு மலையாய்க் குவிச்சு விட்டிருக்கினம். அந்தக் காலத்து மெசினுக்கு எல்லாப் பொன்னும் அகப்படாது. விளங்கிச்சோ தியாகலிங்கம்?

– எனக்கு நல்லா விளங்குது அண்ணை.

– இஞ்சருங்கோ, உங்களுக்கு விளங்கினபடியால்தான் எனக்குப் பயமாய்க் கிடக்கு. கொஞ்சம் பேசாமல் இருங்கோ. அண்ணை, தேங்காய்க் கணக்கிலை சொல்லுங்கோ. முதற்பாலைத் துரைமார் குடிச்சிட்டினம். எங்களுக்குக் கப்பிப்பாலோ?

– கப்பிப்பாலுக்கும் இப்ப விலை இருக்குத் தங்கச்சி. சீமையிலை என்னவோ நடந்து, பதின்மூண்டு ரூபா வித்த பவுண் இருபதைத் தாண்டிட்டுது. பிழிஞ்ச தேங்காய்ப்பூவை இன்னொருக்காப் பிழிஞ்சாலும் லாபம். அதுக்கெண்டே ஒரு கொம்பனி தொடங்கி, பங்குக்குக் காசு சேர்க்கினம். புது முறை ஒண்டு வந்திருக்கு. அந்த மண்ணைச் சயனைட்டுத் தண்ணியிலை ஊறப்போட்டால், பொன் கரைஞ்சு தண்ணியோடை வந்திடும்.

– சயனைட்டு எண்டால் நஞ்செல்லோ?

– நஞ்சுதான்.

– குடிச்சால்?

– ஆர் தங்கச்சி உங்களைக் குடிக்கச் சொன்னது?

– இல்லை, தோட்டம் கையை விட்டுப் போனாப்பிறகு எங்களுக்குத் தேவைப்படும். அதுதான் கேட்டு வைக்கிறன்.

– ஞானம், வீட்டுக்கு வந்த மனுசனோடை உப்பிடிக் கதைக்கிறதே?

– பின்னை எப்பிடிக் கதைக்கிறது? எட்டுப் பரப்பு வாழைத்தோட்டம். எனக்குத் தந்த சீதனம், காணி உறுதி என்ரை பேரிலை. நாலு மணிக்கு நொத்தாரிசு வந்து, தோட்டத்தை ஈடு வைக்கிறதுக்குக் கையெழுத்துப் போடு எண்டு சொல்லப்போறார். போடுற கை உங்கடை கையில்லை.

– உன்ரை கைதான். ஆர் இல்லையெண்டது? ஆனால் அண்ணை சொல்லுறதும் நியாயந்தான்.

– உங்களுக்கு ஆர் சொல்லுறதும் நியாயந்தான். போன வரியம் ஒருத்தன் வந்து தீக்கோழி வளர்த்தால் சிறகு விக்கலாம் எண்டான். அதுவும் நியாயமெண்டு அரை டசின் முட்டை வாங்கினியள். அடை வைச்சுப் பொரிச்சது தாராக்குஞ்சு.

– நல்ல பெரிய தாரா.

– தங்கச்சி, நான் தாரா விக்க வரேல்லை. என்ரை பென்சனிலை பாதியை ஒருமிக்க வாங்கி, அந்தக் காசு முழுக்க உந்தக் கொம்பனியிலைதான் போட்டிருக்கிறன். வட்டுக்கோட்டையிலை கட்டத் தொடங்கின கல்வீடு இடுப்பளவு சுவரோடை நிக்குது. மாரியிலை அதுக்குள்ளை தவளை குடியிருந்தது. அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

– தவளையளும் பங்கு எடுத்திருக்கோ?

– ஞானம்.

– சரி, தவளையை விடுங்கோ. யாழ்ப்பாணத்திலை வேறை ஆர் ஆர் காசு போட்டிருக்கினம்?

– குருநகர் செபநாயகம் ஓமெண்டிருக்கிறார். இரண்டு வள்ளத்திலை ஒண்டை விக்கப்போறார். தியாகலிங்கம் கையெழுத்து வைச்சால் தானும் வைக்கிறாராம்.

– இவர் எனக்குச் சொன்னது, செபநாயகம் வைச்சால் தானும் வைக்கிறன் எண்டு.

– அதுவும் சரிதான் அண்ணை. நான் அப்பிடித்தான் சொன்னனான்.

– அப்ப உண்மையாய்க் காசு போட்டது நீங்கள் ஒராள்தான் அண்ணை.

– முதல் ஆள் எண்டு சொல்லுங்கோ தங்கச்சி. கேட்க மெத்த வடிவாயிருக்கும். அதுகும் போகட்டும், இண்டைக்குத் தபாலிலை றிப்போட்டு வந்திட்டுதே. இனியும் என்ன ஐமிச்சம்? மண் சோதிக்கிறவருக்குக் கொழும்பிலை பெரிய கந்தோர்.

– அந்தக் கந்தோரைக் காட்டினது ஆர்?

– கொம்பனிதான் காட்டினது. ஆனால் மாதிரி மண்ணை நான் தொடவுமில்லை. மலாயாவிலையிருந்து வந்த பிஸ்கோத்துத் தகரத்தை வந்தபடியே உங்கடை கையிலை தந்தன். ஏனெண்டால், நாளைக்கு ஒரு கதை வரப்படாது. நீங்களே சீலையிலை பொதிஞ்சு, அரக்கு வைச்சு அனுப்பினியள். சரியோ?

– சரி. நான்தான் பொதிஞ்சு கட்டினது.

– அப்ப கேளுங்கோ, இங்கிலீசை நான் தமிழிலை வாசிக்கிறன். ‘தாங்கள் அனுப்பிய மாதிரி மண் மூன்று முறை பரிசோதிக்கப்பட்டது. ஒரு தொன் மண்ணுக்கு அரை அவுன்ஸ் பொன் உண்டு. தாமதமின்றி வேலையை ஆரம்பிப்பது உசிதம்.’ கீழை கையெழுத்து. அதுக்குக் கீழை முத்திரை.

– மண் சோதிக்கிறவருக்கு வேலை தொடங்கிறதிலை என்ன அவசரம்?

– அது உத்தியோகத்தரின்ரை பாசை தங்கச்சி.

– அண்ணை, அரை அவுன்ஸ் எண்டால் என்ன வரும்?

– கிட்டத்தட்ட இரண்டு பவுண், தியாகலிங்கம்.

– ஒரு தொன் எண்டால்?

– இரண்டு மாட்டுவண்டில் பாரமெண்டு வையன்.

– வண்டிலுக்கு ஒரு பவுண். அங்கை எத்தினை வண்டில் மண் கிடக்கும்?

– எண்ண ஏலாது.

– ஞானம், எண்ண ஏலாதாம்.

– எனக்கும் காது கேக்குது. அண்ணை, உந்தக் கடதாசியை நீங்கள் முழுக்க நம்புறியளோ?

– நம்பாமல்?

– பிழையாய் இருக்க வழியே இல்லையோ?

– உது பிழையெண்டால் உலகத்திலை பேந்து ஒண்டும் சரியில்லை.

– அப்ப நான் ஒண்டு சொல்லவேணும். நீங்கள் தந்த மலாயா மண் வீட்டுக்குப் பின்னாலை கோடிக்குள்ளை கிடக்கு. கோழி கிளறுது.

– எந்த மண்?

– தகரத்திலை வந்த மண். அதைக் கொட்டிப்போட்டு எங்கடை வாழைத்தோட்டத்து மண்ணைத்தான் நிரப்பி அனுப்பினன். கதலி வாழையடியிலை ஒரு முழம் தோண்டி எடுத்தது. கொம்பனியின்ரை ஆள் கொம்பனியின்ரை மண்ணுக்கு என்ன எழுதுவான் எண்டு எனக்குத் தெரியும். வேறை மண்ணுக்கு என்ன எழுதுறான் பார்ப்பம் எண்டு நினைச்சன். பார்த்தியளோ, அரை அவுன்ஸ்.

– அதுதானே ஞானம், நீ கட்டேக்கை பார்த்தனான், மண் நல்ல சிவப்பு. மலாயாவிலை வெயில் கூடவாக்கும் எண்டு நினைச்சன்.

– அண்ணை, தண்ணி கொண்டரட்டோ?

– வேண்டாம்.

– உங்களை நோகடிக்கச் செய்யேல்லை அண்ணை. என்ரை தோட்டத்தைக் காப்பாத்த வேறை வழி தெரியேல்லை. இப்பவே ஒரு பிரக்கிராசியைப் பிடிச்சு, கோட்டிலை வழக்குப் போட்டு, போட்ட காசைத் திருப்பிக் கேளுங்கோ. நாங்களும் கூட வாறம்.

– இருபத்தாறு வரியம், தங்கச்சி.

– ஓம் அண்ணை.

– ஒரு நாள் லீவு எடுக்கேல்லை. நெருப்புக் காய்ச்சலோடையும் நிண்டு ரிக்கற் குடுத்தன்.

– தெரியும் அண்ணை.

– அந்தக் காசு முழுக்க ஒரு பொய்க் கடதாசிக்குப் போச்செண்டால், நாளைக்கு நான் என்னண்டு எழும்பி முகம் கழுவுறது? இல்லைத் தங்கச்சி. கடதாசி பொய்யாய் இருக்க ஏலாது.

– அண்ணை, அது வாழை மண்.

– ஒரு முழமெண்டோ சொன்னியள்?

– ஓம்.

– ஒரு முழத்திலையே அரை அவுன்ஸ்.

– அண்ணை?

– கீழை போகப் போகக் கூடும். சுரங்கத்திலை அதுதான் வழமை.

– நாங்கள் மாட்டெருவும் அடுப்புச் சாம்பலும் போட்ட மண் அண்ணை அது. இஞ்சருங்கோ, நீங்களாவது சொல்லுங்கோவன், உந்தக் கடதாசி பொய்யெண்டு.

– பொய்யெண்டு சொல்லத்தான் எனக்கும் மனம் ஞானம். ஆனால் மூண்டுதரம் சோதிச்சிருக்கினம்.

– என்னத்தைச் சோதிச்சவை? தகரத்தைத் திறந்திருக்கவும் மாட்டினம்.

– முத்திரையும் குத்திக் கிடக்கு.

– முத்திரை ஆரும் குத்தலாம்.

– தியாகலிங்கம், ஆளனுப்பி நொத்தாரிசை வரவேண்டாம் எண்டு மறி.

– அப்பாடா. இப்பவாவது உங்களுக்கு விளங்கிச்சுதே அண்ணை. தோட்டம் தப்பிச்சுது.

– விளங்கிட்டுது தங்கச்சி. பொன் கிடக்கிற காணியை எந்த விசரன் ஈடு வைப்பான்?

– கடவுளே. இஞ்சருங்கோ, நீங்கள் எங்கை வெளிக்கிடுறியள்? நொத்தாரிசிட்டையோ?

– அங்கை பேந்து போகலாம். கோவியாதை ஞானம், முதலிலை கிணத்தடியிலை துலா மிதிக்கிறவனைப் போய் மறிக்கவேணும். வாழைக்கு இறைக்கிற தண்ணியெல்லாம் வேலிக்குக் கீழாலை பக்கத்துத் தோட்டக்கார நமசிவாயத்தின்ரை காணிக்குள்ளை எல்லோ இறங்குது. இவ்வளவு காலமும் எங்கடை பொன் அவன்ரை பூசணிக்கெல்லே போயிருக்கு.